வேடியப்பன் கல்லில் இரண்டு பூ

காலை பதினொரு மணிக்குத் தருமபுரியில் பேருந்து ஏறினேன். பென்னாகரம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அந்த வழியாக ஒகேனக்கல் போகிறவர்களுக்குப் பரிசலும் மீனும்தான் நினைப்பு. எனக்கு வேண்டியதோ மலைக்காட்டில் நிற்கும் ஒரு பழைய நடுகல். ஊர்க்காரர்கள் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கண்ணால் பார்க்காததை எழுதமாட்டேன், பார்த்ததில் ஒன்றையும் விடமாட்டேன் என்று வீம்பு பிடித்தவள் நான்.

பென்னாகரத்தில் ஜீப் ஓட்டுநர் அருள் கண்ணாடியில் ஜெபமாலை தொங்கவிட்டிருந்தார். "எங்க பக்கத்து வூட்டுக்காரங்களும் வேடியப்பங்கிட்டதான் வராங்க. ஏத்திக்கட்டுங்களா மேடம்?" என்றார். மாதையனும் அவர் மனைவி மாதம்மாளும் ஏறிக்கொண்டார்கள். மாதையனுக்கு வயிற்றில் கட்டி. மறுநாள் தருமபுரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சேர வேண்டும். சாமி பூக் கொடுத்தால்தான் போவேன் என்கிறாராம்.

"தள்ளிப்போட்டா ஆபத்துன்னு டாக்டரு சொல்லிட்டாருங்கக்கா. இவரு காதுலயே வாங்கமாட்டேங்கிறாரு" என்றாள் மாதம்மாள்.

"நீ கம்முனு இரு. வேடியப்பன் சொல்லட்டும்."

பகல் இரண்டு மணிக்குப் பாதை முடிந்தது. அருள் ஜீப்பைத் திருப்பி நிறுத்தினார். "ரெண்டு நாளா யானை சுத்துதுங்க. நான் விசிலடிச்சா போட்டது போட்டபடி ஓடியாந்துருங்க."

ஒற்றையடிப் பாதை மேலே ஏறியது. மாதையன் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு திருப்பத்தில் சூடு ஆறாத யானை லத்தி கிடந்தது. திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மாதம்மாளின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

புளியமரத்தடியில் கல் நின்றது. வில்லும் கத்தியும் ஏந்திய வீரன், காலடியில் மாடு, மேலே தேய்ந்துபோன வட்டெழுத்து. ஊர் மாடுகளை மீட்கப் போய்ச் செத்த யாரோ ஒருவன், இன்று எண்ணெயும் மஞ்சளுமாகச் சாமியாகியிருந்தான். முதல் வேலையாகப் படம் எடுத்தேன்.

மாதம்மாள் கல்லின் தலையைத் தண்ணீரால் நனைத்து, வலப்பக்கம் வெள்ளைப் பூவும் இடப்பக்கம் சிவப்புப் பூவும் ஒட்டவைத்தாள். வெள்ளை விழுந்தால் ஆஸ்பத்திரி. சிவப்பு விழுந்தால் வீடு. மூவரும் பூவையே பார்த்துக்கொண்டு நின்றோம். இலைகூட அசையவில்லை.

"குடுப்பா சாமி" என்று முணுமுணுத்தாள்.

கீழே விசில் சத்தம் கேட்டது. அடுத்த நொடி, எங்களுக்கு மேலே மூங்கில் படபடவென்று முறிந்தது.

"ஏங்க, நீங்க முன்னால போங்க!" என்று மாதம்மாள் கணவரைத் தள்ளிவிட்டாள். அவர் வயிற்றைப் பிடித்தபடி இறங்கினார். நானும் ஓடினேன். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தபோது அவள் இன்னும் கல் முன்னால் நின்றாள். வெள்ளைப் பூவை நோக்கிக் கை நீண்டது. தொடவில்லை. கையை மடக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு பூவும் கல்லின்மேலேயே இருந்தன.

ஜீப் தார்ச்சாலையைத் தொட்டது. பிறகு மாதையன் கேட்டார், "பூ என்னாச்சு?"

"வெள்ளதான் வுழுந்துச்சு. நீங்க எறங்குனதும் வுழுந்துச்சு."

அவர் அவளை நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களாம்மா?"

மாதம்மாள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை முந்தானை அவள் கைப்பிடிக்குள் கசங்கியது.

"பார்த்தேன். வெள்ளைதான்" என்றேன்.

மாதையன் கண்ணை மூடிக் கும்பிட்டார். "அப்போ துணிமணி எடுத்து வச்சுரு, காலையில கெளம்பணும்."

கடலூரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கடல்வரை சமதரை. அங்கே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தபோது அருள் தொலைபேசியில் அழைத்தார். ஆபரேஷன் முடிந்து மாதையன் வீடு திரும்பிவிட்டார். பூ கொடுத்த சாமியின் படத்தை மாட்டிவைக்க வேண்டுமாம். பூ வைப்பதற்கு முன் எடுத்த படத்தை அனுப்பிவைத்தேன்.

அந்தக் கல் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். இதிலுள்ள பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மாதையனுக்குப் படிக்கத் தெரியும்.