ஆல்மா தேய்க்காமல் விட்ட தகடு

யார்க்‌ஷயரில் மழைக்கு நாள் கிழமை கிடையாது. அந்த மழையில்தான் உல் மார்க்கெட் தெரு நூலகத்துக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தில், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வில்ஃப் சக்டன் நிற்பார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். நூலகத்தில் வேலை முடித்து வரும் மனைவி ஆல்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போக தினமும் வருவார். உள்ளே கணப்பு நன்றாக எரியும். ஆல்மா கூப்பிட்டாலும் போகமாட்டார்.

தான் வேலை பார்த்த கம்பள ஆலையை மூடியபிறகு ஆல்மா அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். இருநூறு வருஷத்துப் பழைய இடம். கம்பளி வியாபாரிகள் ஒன்றுகூடித் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. சந்தா கட்டியவர்கள் மட்டும் படிக்கலாம். ஆல்மா அலமாரிகளைத் துடைப்பார், கணப்பை மூட்டுவார், நாலு மணிக்குத் தேநீரும் இஞ்சிக் கேக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனால் அவருடைய பெருமையெல்லாம் வாசலில் இருந்த பித்தளைத் தகடுதான். 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று பொறித்திருக்கும். காலையில் வந்ததும் முகம் தெரியத் தெரியத் தேய்ப்பார். தெருமுனையிலிருந்தே வாசிக்கலாம்.

உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைக்குக் குடிபோகத் தொடங்கியதும்தான் நிர்வாகத்துக்கு ஞானோதயம் வந்தது. இனி வியாழக்கிழமைதோறும் கதவு ஊருக்கே திறந்திருக்கும். யாரும் வந்து உட்கார்ந்து படிக்கலாம். செயலாளர் பிக்கர்ஸ்கில் துண்டறிக்கை அடித்து மீன் வறுவல் கடைவரை கொடுத்தார். ஈஸ்டருக்குள் ஆள் சேராவிட்டால் விட்டுவிடுவது என்றும் முடிவு.

ஆல்மாவுக்கு ஒரே ஓர் ஆசை. வில்ஃப் ஒரு தடவையாவது உள்ளே வந்து, ஜன்னலோரத் தோல் நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்கு உயிரான ரயில் படப் புத்தகங்களைப் புரட்ட வேண்டும்.

முதல் வியாழக்கிழமை ஜனங்கள் வரத்தான் செய்தார்கள். படிவரை வந்தார்கள். தகட்டைப் படித்தார்கள். கதவிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். தப்பான வாசலில் நிற்பதைவிட மழையில் நிற்பதே மேல் என்பவர்கள்.

"தகட்டைக் கழட்டிடலாமே, சார்?" என்று செயலாளரிடம் கேட்டார் ஆல்மா.

"ஐயோ ஆல்மா! பாதுகாக்கப்பட்ட கட்டடம்னு பட்டியல்ல இருக்கு. ஒரு திருகாணியத் தொட்டாலும் நகராட்சி அனுமதி வேணும். துணி போட்டு மூடக்கூடக் கூடாது."

"எழுதிக் கேளுங்களேன்."

"கேட்டாச்சு. பரிசீலனைல இருக்காம்."

சாமி வரம் கொடுத்தும் பூசாரி விடாத கதைதான். மறுநாள் காலையில் ஆல்மா பாலிஷ் டப்பாவை இழுப்பறையில் போட்டு மூடினார்.

"கழட்டாதேன்னுதானே சட்டம்? தேய்க்கணும்னு எங்க சொல்லியிருக்கு?" என்று வில்ஃபிடம் கேட்டார். வாய்தான் அப்படிப் பேசியது. பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டாமல் தெருவில் விட்டதுபோல மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மழையும் பேருந்துப் புகையும் மீதி வேலையைப் பார்த்தன. குளிர் முடிவதற்குள் தகடு கறுத்துப் பச்சை பூத்து, எழுத்தே தெரியாமல் போயிற்று. சந்தை மீன்காரர் வந்தார். பணி முடிந்த தாதிகள் வந்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு தாய்மார்கள் வந்தார்கள். வில்ஃப் மட்டும் நிறுத்தத்திலேயே நின்றார்.

"இப்பதான் தகட்டப் படிக்கவே முடியலையே, இன்னும் என்ன வீம்பு?" என்று ஒரு நாள் ஆல்மா சண்டைக்கே போய்விட்டார்.

வில்ஃப் தொப்பியை உதறினார். "தகட்டுக்குப் பயந்தா நான் நின்னேன்? அது கெடக்கட்டும், உள்ள நீ எந்த நாற்காலில உக்காருவே?"

"நான் எங்க உக்கார்றது? நான் வேலை செய்யறவ."

"இத்தன வருஷத்துல ஒரு தடவகூட?"

"சமையலறைல ஸ்டூல் இருக்கே."

"என் பொண்டாட்டி உக்காராத எடத்துல நான் போய்ச் சாஞ்சுக்கிட்டு, நீ டீ தூக்கிட்டு வர, நான் குடிக்கணுமாக்கும்? போடி. மழையே தேவல."

ஆல்மா அவரை விட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷன் தனக்காகத்தான் நனைந்திருக்கிறார் என்று உறைத்ததும் அழுகை வந்துவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை ஆல்மா விடுப்புப் போட்டார். தேவாலயத்துக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு, வேலைக்கு வரும் பின்வாசலை விட்டு முன்வாசலுக்கு வந்து, வில்ஃபின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். நேரே ஜன்னலோரத்துக்குப் போய் உட்கார்ந்தார். எத்தனையோ தடவை மெழுகு போட்டுத் துடைத்த நாற்காலி. இருக்கை இவ்வளவு மெத்தென்று அமுங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் வில்ஃப் உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டார்.

நாலு மணிக்கு பிக்கர்ஸ்கில் வேகவேகமாக வந்தார். அறை நிறைய ஆட்கள். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "ஆல்மா, நல்லவேளை நீங்க இருக்கீங்க! டீ நேரமாச்சே. அப்படியே அந்தத் தகட்டையும் கொஞ்சம் பாருங்க, பாசி பிடிச்சு அசிங்கமா இருக்கு."

பழக்கதோஷத்தில் ஆல்மா பாதி எழுந்துவிட்டார். அப்புறம் கோட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னிக்கு வியாழக்கிழமை, சார். இன்னிக்கு நான் பொதுமக்கள்."

பிக்கர்ஸ்கில்லுக்குக் காது சிவந்தது. பிறகு தானே சமையலறைப் பக்கம் நடந்தார்.

"எனக்கு ரெண்டு சர்க்கரை!" என்றார் வில்ஃப் பின்னாலிருந்து.