பதினோரு நாள் சொல்லாத பெயர்

சித்தேரி மலையில் சின்னனைப் பட்டாளத்தான் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். சண்டைக் கதை கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு பீடி கிடைக்கும், கதை கிடைக்காது. தேன் பங்கு போடக் கூப்பிட்டாலோ கையெடுத்துக் கும்பிட்டுவிடுவான். ஆள் கர்வம் பிடித்தவன் என்று ஊரில் பேச்சு. கர்வமாவது ஒன்றாவது! அவனிடம் இருந்தது ஒரே ஒரு கதை. அதை ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னான்.

எழுபத்தொன்று டிசம்பர்ச் சண்டையில் பிடிபட்டு, பாகிஸ்தானில் ஒரு கைதி முகாமில் கிடந்தான். ஓர் அறையில் பதினான்கு சிப்பாய்கள். அவர்களில் ஒருவன் அரூர் நூர் பாஷா. சாயங்காலம் ரொட்டி வரும். ஒன்று தடியாக இருக்கும், ஒன்று அப்பளமாக, ஒன்று கருகி. நாட்டுக்கு உயிரைக் கொடுக்க வந்தவர்கள் அரை ரொட்டிக்குச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

சின்னன்தான் வழி சொன்னான். அவன் அப்பன் காளியன் தேன் எடுத்தால் பங்கு போடுவது இப்படி: ஒருவன் முதுகைக் காட்டி நிற்பான். இன்னொருவன் ஒரு பங்கைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பான். நிற்கிறவன் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வான். பெரிசு சிறிசு என்று யாரும் வாய் திறக்க முடியாது. மறுநாளிலிருந்து சேலத்து ராஜாமணி ரொட்டியைத் தொட்டுக் கேட்டான். சின்னன் சுவரைப் பார்த்து நின்று பெயர் சொன்னான். சண்டை நின்றது.

பிறகு சந்தேகம் வந்தது. நூர் பாஷா வீட்டில் உருது பேசுகிறவன். காவலர்களுக்கு அவர்கள் பாஷையிலேயே பதில் சொல்வான். பட்டாளத்து இந்தி மட்டும் தெரிந்த மற்றவர்களுக்குப் பாதிகூடப் புரியாது. வாரம் ஒருமுறை அவனைத் தனியாக ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். ஆகஸ்ட் பதினைந்து, நம் சுதந்திர தினத்தன்று காவலர்கள் நேராக வந்து, மூலையில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து, தப்பிப்போக வரைந்து ஒளித்திருந்த படத்தை எடுத்துப்போனார்கள். எல்லோர் கண்ணும் நூர் பாஷா மேல் விழுந்தது. முந்தின நாள் ராஜாமணியையும் கூட்டிப்போயிருந்தார்கள்தான். வீங்கிய முகத்தோடு வந்தவனை யார் சந்தேகப்படுவார்கள்?

"அவனுக்கு அங்கியே பிரியாணி போடுவாங்க. நம்ம ரொட்டி எதுக்கு?" என்றான் ராஜாமணி.

அன்று சின்னன் பதின்மூன்று பெயர்தான் சொன்னான். மிஞ்சிய ரொட்டியைப் பதின்மூன்று பேரும் பிய்த்துக்கொண்டார்கள். நூர் பாஷா வரிசையில் உட்கார்ந்திருந்தான். தன் பெயர் வரவில்லை என்றதும் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாளும் வந்து உட்கார்ந்தான். பதினோரு நாள் உட்கார்ந்தான். காலையில் தருகிற டீயும் பருப்புத் தண்ணீரும்தான் அவனுக்கு ஆகாரம். சின்னனுக்கும் சந்தேகம் இருந்தது, பொய் சொல்வானேன். அதைவிடப் பசி இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ரொட்டியைத் தொட்ட ராஜாமணி கேள்வியைக் கேட்கவில்லை. சின்னன் திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறான்.

"அடி தாங்கல. செங்கல்லக் காட்டிக் குடுத்தது நாந்தான்."

அவனை அடிக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை. நூர் பாஷாவின் பங்கு திரும்பக் கிடைத்தது. ஆனால் வயிற்றுப்போக்கு கண்டு ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்தான்.

எழுபத்திரண்டு கடைசியில் மற்றவர்களை விட்டார்கள். தை பிறந்ததும் சின்னன் மலையிறங்கி, அரூரில் நூர் பாஷாவின் மனைவி வஹிதாவைத் தேடிப்போனான். சாவுச் செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. நடந்ததை நின்றபடியே சொல்லிவிட்டு வந்துவிட நினைத்தவனை உட்காரவைத்து அவள் தட்டு வைத்தாள்.

"சாப்புட்டுட்டுப் பேசலாங்கண்ணா. உங்களப் பத்தி அவரு எழுதியிருக்காருங்க."

செஞ்சிலுவைச் சங்கம் மூலம் வந்த உருதுக் கடிதத்தை எடுத்துத் தமிழில் சொன்னாள். "சித்தேரி சின்னன் என்கூட இருக்கான். அவன்தான் பேரு சொல்லி ரொட்டி பங்கு போடுறான். எனக்கு ஒரு நாளும் பங்கு தவறுனதில்ல. நீ நல்லா சாப்புடு."

சின்னன் தேதியைக் கேட்டான். ஆகஸ்ட் இருபத்துமூன்று. பட்டினி போட்ட ஒன்பதாம் நாள்.

பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். செத்தவனே சாட்சி சொல்லிவிட்டான்.

"அது பொய்ங்க தங்கச்சி. பதினோரு நாளு நான் அவரு பேரச் சொல்லல. இத எழுதுன அன்னிக்கி அவருக்கு ரொட்டி இல்லீங்க."

முழுக்கச் சொன்னான். வஹிதா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கடிதத்தை மறுபடி படித்தாள். பிறகு சோறு போட்டாள். பாதி கீழே சிந்தியது.

"பொய் சொல்ற மனுசன் இல்லீங்க அவரு. நான் சாப்புடணுமின்னு இந்த ஒண்ணச் சொல்லியிருக்காரு. அதுல உங்க பேரையும் காப்பாத்திட்டாரு. நான் அதக் கெடுக்க மாட்டேன். சாப்புடுங்க. சாப்புட்டுட்டுப் போயிடுங்க. இனிமே இந்த வூட்டுக்கு வராதீங்க."

சின்னன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.