முதல் வரியில் பிள்ளையார்

ரேணுகாம்பாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது திருவண்ணாமலையில் அவளிடம் கம்ப்யூட்டர் படித்த எல்லோருக்கும் தெரியும். எதற்கு வரும் என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. தாமதமாக வந்தால் வராது. படிக்காமல் வந்தால் வராது. கரண்ட் போய், அதுவரை அடித்ததெல்லாம் அழிந்துபோனால்கூட, "போனா போவுது, மறுபடி அடிங்க" என்பாள். ஆனால் யாராவது யாரையாவது பார்த்து "இது கூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டால் போதும், அன்று அந்த ஆள் தொலைந்தான்.

அந்தக் கேள்வி அவளுக்குள் முள்ளாய்த் தைத்தது கல்லூரியில். கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழியில் படித்துவிட்டு, கணக்கில் நல்ல மார்க் வாங்கிப் பட்டப்படிப்புக்கு வந்தவள். முதன்முதலாகக் கம்ப்யூட்டர் அறைக்குள் போன அன்று, எழுதியதைச் சேமித்துவிட்டு, அது எங்கே போனது என்று தெரியாமல் எழுந்து நின்று கேட்டாள். பாடம் எடுத்தவர் வகுப்பின் பக்கம் திரும்பி, "இது கூடத் தெரியாதா? எந்த ஊரும்மா நீ?" என்றார். வகுப்பே சிரித்தது. எங்கே போனது என்பதை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. "அந்த ஆளுக்கே தெரியாது, அதான் ஊரை விசாரிச்சாரு" என்று இத்தனை வருஷம் கழித்தும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்.

படித்து முடித்துத் தேரடி வீதியில், மாடியில் இருந்த கோதண்டராமனின் கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருஷம் கடிதம் அடிக்கவும் கட்டம் போடவும் கற்றுக்கொடுத்து அலுத்துப்போனது. 2005-இல், இணையப் பக்கங்களை இயங்க வைக்கிற பி.எச்.பி. என்ற ஸ்கிரிப்ட் மொழிக்கு, தமிழ் வழியில் படித்தவர்களுக்கென்றே சாயங்கால வகுப்பு ஒன்று தொடங்க வேண்டும் என்று நின்றாள்.

"ஏம்மா, ஏபிசிடிக்கே தாளம் போடறவங்களுக்கு ஸ்கிரிப்டா?" என்றார் கோதண்டராமன். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டதால் மூளையும் கூடவே வந்துவிட்டது என்று நம்புகிறவர், அவ்வளவுதான். நாட்டில் இந்த நோய் பலருக்கு உண்டு.

அவள் விடவில்லை. தினமும் போய் நின்றாள். தொல்லை தாங்காமல் ஒத்துக்கொண்டார்.

வகுப்பில் அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "இது கூடத் தெரியாதா" என்று யார் வாயிலிருந்து வந்தாலும், அவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். முதல் வாரமே நாலைந்து பேர் மாட்டினார்கள். அப்புறம் வாய் அடங்கியது.

ஆரம்பத்தில் எல்லோரும் விழுகிற குழிகள் ஒரே மாதிரிதான். நோட்பேடில் எழுதிச் சேமிப்பார்கள். அது அவர்களுக்குத் தெரியாமல் பெயருக்குப் பின்னால் ஒரு டி.எக்ஸ்.டி. வாலை ஒட்டிவிடும், பக்கம் திறக்காது. சிலர் கோப்பின் மேலேயே இரண்டு தட்டுத் தட்டித் திறப்பார்கள். எழுதிய எழுத்தெல்லாம் அப்படியே கொட்டும். சர்வர் வழியாகக் கூப்பிட்டால்தான் வேலை நடக்கும் என்று யார் சொன்னார்கள் அவர்களுக்கு? பன்னிரண்டாவது வரியில் பிழை என்று திரை கத்தும். பன்னிரண்டில் ஒன்றும் இருக்காது. பதினொன்றின் கடைசியில் வைக்க வேண்டிய அரைப்புள்ளியை விட்டுவிட்டிருப்பார்கள். "அது கத்தற எடம் வேற, நோவு இருக்கற எடம் வேற. ஒரு வரி மேல பாருங்க" என்பாள். திரையில் வரும் இங்கிலீஷ் வாக்கியத்தைத் தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் விசைப்பலகையைத் தொட வேண்டும் என்பதும் அவள் வைத்த பழக்கம். பாதிப் பிழை அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அந்த வகுப்பில் அப்பாசாமி என்று ஒருவர் இருந்தார். அவளைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துப் பக்கம், ஒரு விடுதியில் அறைகளைக் கவனித்துக்கொள்கிற வேலை. வெளிநாட்டுக்காரர்கள் இணையம் வழியாக அறை கேட்கிற பக்கம் ஒன்று வேண்டும் என்று விடுதி முதலாளி சென்னையில் ஆள் தேடியபோது, "நானே செய்யறேங்க" என்று சொல்லிவிட்டார் மனிதர். சொன்னதோடு நிற்காமல், சாயங்காலம் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, முக்கி முனகி, செய்தும் முடித்தார். ஆள் பெயரும் தேதியும் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால், அறையைப் பதிந்துகொண்டு, நன்றி சொல்கிற இன்னொரு பக்கத்துக்குத் தானாகப் போக வேண்டும். சென்டர் கம்ப்யூட்டரில் அது ஜோராக ஓடியது.

கோதண்டராமனுக்கு அந்தச் சாயங்கால நேரத்தில், கடைக் கணக்கு எழுதுகிற டேலி மென்பொருளுக்கு வகுப்பு வைக்க ஆசை. அதற்குக் கூட்டம் ஜாஸ்தி. அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "இந்தப் பக்கம் கார்த்திகை தீபக் கொடியேத்தத்துக்குள்ள நெட்ல ஓடட்டும், இந்த பேட்ச் இருக்கும். ஓடலன்னா டேலி. சரிதானே?"

"சரி சார். சொன்ன வார்த்தை மாறக் கூடாது" என்றாள் ரேணுகாம்பாள்.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில், சென்னையில் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில் அப்பாசாமி பக்கத்தை ஏற்றினார். பக்கம் வந்தது. பெயர், தேதி கொடுத்தார். பொத்தானை அழுத்தினார். நன்றி வரவில்லை. வெள்ளைத் திரையில் இங்கிலீஷில் ஒரு நீளமான எச்சரிக்கை வந்து உட்கார்ந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதேதான்.

கோதண்டராமனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "நான் அப்பவே சொன்னனே" என்று ஆரம்பித்தவர், சென்டருக்குள் படியேறி வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார். டேலி வகுப்புக்கு நோட்டீஸ்கூட அடிக்கக் கொடுத்துவிட்டார்.

ரேணுகாம்பாள் கோப்பை மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். ஒரு குறையும் தெரியவில்லை. இங்கே ஓடுவது அங்கே ஏன் ஓடவில்லை? சர்வர்தான் கோளாறு என்று முடிவு கட்டி, சென்னைக்குப் போன் போட்டாள். எடுத்தவனுக்கு இருபது வயது இருக்கலாம். "சர்வர் நல்லா இருக்கு மேடம். உங்க ஸ்கிரிப்ட்தான் தப்பு. ரொம்ப பேசிக் மேடம் இது. இது கூடத் தெரியாமலா சைட் பண்றீங்க?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். என்ன தப்பு என்று அவனும் சொல்லவில்லை! கல்லூரியில் கேட்ட அதே குரல், போன் வழியாக வந்து மறுபடி அறைந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

அந்தக் கோபத்தோடு அவள் சாயங்கால வகுப்புக்குள் நுழைந்திருக்கக் கூடாது. நுழைந்துவிட்டாள். அப்பாசாமி திரையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணா மாத்தினீங்க இதுல?"

"நான் ஒண்ணும் மாத்தலிங்க மிஸ்."

"மாத்தாமயா மொத வரின்னு கத்துது? மொத வரிக்கு மேல நான் எங்க போயி பாக்கறது? இத்தினி நாளா சொல்லிக் கொடுத்து, இது கூடத் தெரியாதா உங்களுக்கு?"

டீ என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அப்பாசாமி எழுந்து போய்விடவில்லை. "தெரியாதுங்க மிஸ். தெரியாததாலதான வந்தேன். அது இங்கிலீஷ்ல இன்னா சொல்லுதுன்னு தமிழ்ல சொல்லணும்னு நீங்கதான சொல்வீங்க. காலைலேர்ந்து யாரும் சொல்லலியே. எனக்கு அது மட்டும் சொல்லுங்க."

அவளுக்கு முகம் எரிந்தது. வகுப்பில் எல்லோரையும் செய்யச் சொல்கிற வேலையை அவள் காலையிலிருந்து ஒருதரம்கூடச் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "வேற பக்கத்துக்குப் போன்னு இனிமே சொல்ல முடியாதாம். ஏற்கெனவே ஏதோ வெளிய போயிடுச்சாம். அப்படிப் போனது மொத வரியிலயாம்."

"மொத வரில சுழி மட்டும்தான மிஸ் கீது" என்றார் அப்பாசாமி.

ரேணுகாம்பாள் திரையைப் பார்த்தாள். ஸ்கிரிப்ட் இங்கே தொடங்குகிறது என்று காட்டும் திறப்புக் குறிக்கும் மேலே, முதல் வரியில், தன்னந்தனியாக ஓர் எண் உட்கார்ந்திருந்தது. 2.

பலகையில் எதை எழுதினாலும், முதலில் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி போடுவது அவள் கைப்பழக்கம். கை தானாகப் போட்டுவிடும். போட்டது அவளுக்கே தெரியாது. வகுப்பு அதையும் சேர்த்து எழுதிக்கொண்டது. விசைப்பலகையில் 'உ' கிடையாது. பார்க்க ஒரே மாதிரிதானே என்று 2-ஐத் தட்டினார்கள். ஒருவர் இல்லை, மொத்த வகுப்பும். இத்தனை நாளும் எல்லோருடைய பக்கத்திலும் இடது மூலையில் அந்த 2 தெரிந்துகொண்டுதான் இருந்தது. தலையில் சுழி இல்லாத தாளைப் பார்த்திருந்தால்தான் அவள் கண்ணுக்கு உறுத்தியிருக்கும்.

"ஐயோ அண்ணா" என்றாள். பிறகு எல்லோரையும் பக்கத்தில் கூப்பிட்டாள். "கல்யாணப் பந்தில எலைல உப்பு வச்சாச்சுன்னா, அந்த ஆளை எழுப்பி அடுத்த பந்திக்குப் போன்னு சொல்ல முடியுமா? முடியாது. இந்தச் சுழி நம்ம எலைல வச்ச உப்பு. நன்றிப் பக்கத்துக்குப் போன்னு சொல்றதுக்கு முன்னாடியே பரிமாறிட்டோம். நம்ம கம்ப்யூட்டர்ல மொத்தத்தையும் சேத்து வச்சு கடைசில அனுப்பற மாதிரி அமைப்பு இருக்குது, அதான் இங்க தெரியல. அங்க அந்த அமைப்பு இல்ல. வர வர அனுப்பிடுது." சொல்லி முடித்துவிட்டு அப்பாசாமியின் பக்கம் திரும்பினாள். "அத எழுதிப் போட்டது நாந்தாண்ணா. உங்கள கேட்டது தப்பு. டீ என்னுது."

அப்பாசாமி அந்த 2-ஐ அழித்தார். அழிப்பதற்கு முன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபடி ஏற்றினார்கள். பெயர், தேதி, பொத்தான். நன்றி சொல்லும் பக்கம் பளிச்சென்று வந்து நின்றது. வகுப்பு போட்ட கூச்சலில் கோதண்டராமன் எழுந்து உள்ளே வந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "புள்ளையார் புடிக்கப் போயி கொரங்கா முடிஞ்ச கதை! கம்ப்யூட்டருக்கே சுழி போட்ட ஊரு நம்ம ஊருதான். இதுக்குத்தாம்மா சொன்னேன், இவங்களுக்கு இது சரிப்படாதுன்னு. பக்கம் ஓடிச்சு, சந்தோஷம். ஆனா அடுத்த மாசத்துலேர்ந்து டேலியே வச்சுக்கலாம். பலகைல இருக்கறதெல்லாம் அடிக்கக் கூடாதுன்னு இது கூடத் தெரியாதா இவங்களுக்கு?"

ரேணுகாம்பாளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

"சார், உங்க ரூம்ல இருக்கற சிபியூ மேல மூணு பட்டை விபூதி இருக்குது. நடுவுல குங்குமம். ஆயுத பூஜைக்குக் கட்டின எலுமிச்சம்பழம் இன்னும் காய்ஞ்சு தொங்குது. நீங்க பூசினா பக்தி, இவங்க போட்டா பட்டிக்காடா? விபூதிய வெளிய பூசணும், உள்ள கொட்டக் கூடாதுன்னு உங்களுக்கு யாரோ ஒருத்தர் சொல்லித்தான தெரிஞ்சிது? சுழிய எங்க போடணும்னு இவங்களுக்கு நான் சொல்லல. அது என் குத்தம். அதுக்கு இவங்க ஏன் டேலி படிக்கணும்? நெட்ல ஓடினா பேட்ச் இருக்கும்னு இத்தினி பேர் முன்னாடி சொன்னீங்க. ஓடுது. பாருங்க, ஓடுது!"

கோதண்டராமன் வாயைத் திறந்தார். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், டீ."

"இன்னா டீ?"

"'இது கூடத் தெரியாதா'ன்னு சொல்லிட்டீங்களே சார். இங்க அதான் சட்டம்" என்றார் அப்பாசாமி, மிகவும் மரியாதையாக. பிறகு வகுப்பு மொத்தமும் டீ, டீ என்று மேஜையைத் தட்ட ஆரம்பித்தது. இவ்வளவு பேர் சேர்ந்து தட்டினால் டேலி என்ற வார்த்தை எப்படி வெளியே வரும்? அவர் படியிறங்கிக் கீழே கடையில் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு எல்லோரும் இரண்டிரண்டு டீ குடித்தார்கள். டேலி நோட்டீஸ் அச்சாகி வந்து, கட்டுப் பிரிக்காமல் மூலையில் கிடந்தது.

மறுநாள் ரேணுகாம்பாள் பலகைக்கு முன்னால் நின்றபோது, சுழி போடுவாளா மாட்டாளா என்று வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. முதல் வரியில் திறப்புக் குறியை எழுதினாள். அடுத்த வரியில் இரண்டு சாய்கோடு போட்டாள். அதற்குப் பின்னால் எழுதுவதைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது, மனிதர் மட்டும்தான் படிக்கலாம். அங்கே உட்கார வைத்தாள் பிள்ளையாரை. "இனிமே இவரு இங்கதான். வாசல்ல நின்னு வழிய மறிக்க மாட்டாரு" என்றாள். செங்கம் ரோட்டு விடுதிகளுக்கு அப்பாசாமி பிற்பாடு செய்துகொடுத்த பக்கங்களில் எல்லாம் இரண்டாவது வரி அதுதான்.

வகுப்பு நிலைத்து நின்றது. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. சில வருஷம் கழித்து, கலெக்டர் ஆபீசில் ஒரு வேலையாக வேங்கிக்கால் போய்க்கொண்டிருந்தாள் ரேணுகாம்பாள். ரோட்டோரத்தில் புதிதாக ஒரு பிளெக்ஸ் நின்றது. கோதண்டராமன் கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். 'தமிழ் வழி மாணவர்களுக்கு மாவட்டத்திலேயே முதன்முறையாக எங்கள் சிந்தனையில் உருவான சிறப்புப் பயிற்சி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவள் பெயர் எங்கும் இல்லை. அவர் தலைக்கு மேலே, உச்சியில், மஞ்சளில் பெரிதாக ஒரு 'உ' இருந்தது.

அவள் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு, "வெக்கங்கெட்ட மனுசன்!" என்று சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தார்.