பூங்கோதை வாங்காத புத்தகம்

ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸில் நாங்கள் வேலை பார்க்கும் சோபாக் கடையில், வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது என் வேலை. சண்டை பிடிக்க வருகிறவர்களைப் பூங்கோதையிடம் அனுப்பிவிடுவார் மேனேஜர். கரூர்க்காரி, நாற்பத்துநான்கு வயது, அபிதா என்று பதினொரு வயதில் ஒரு மகள். ஐந்தாறு வருடங்களுக்கு முன் ஒரு மனிதர், தன் நாய் கடித்துக் கிழித்த சோபாவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு இவளிடம் சட்டம் பேசியிருக்கிறார். பதில் சொல்லத் தெரியாமல் புதுச் சோபாவைக் கொடுத்து அனுப்பினாள். அந்த ரோசத்தில்தான் பகுதிநேரமாகச் சட்டம் படிக்கச் சேர்ந்தாள். நானாக இருந்தால் நாயைத் திட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்.

மற்றப் பாடங்களெல்லாம் ஓடின. ஒப்பந்தச் சட்டத்தில் மட்டும் இரண்டு தடவை சறுக்கினாள். முதல் தடவை புத்தகமே வாங்காமல் வகுப்புக் குறிப்புகளை நம்பிப் போனாள். இரண்டாம் தடவை கோயம்புத்தூரில் இருக்கும் கொழுந்தன் பார்த்தீபனிடம் புத்தகம் கேட்டாள். அவன் யாரோ வந்தவர் பெட்டியில், முறுக்குக்கும் வடகத்துக்கும் நடுவே, தொள்ளாயிரம் பக்கத்தில் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். "ஒப்பந்தம்னா எல்லா ஊர்லயும் ஒப்பந்தந்தானே அண்ணி" என்றானாம். இவளும் அதை வரி விடாமல் மனப்பாடம் செய்து, இந்தியச் சட்டத்தின் பிரிவுகளை எண் தவறாமல் ஆக்லாந்துப் பரீட்சையில் எழுதிவைத்துவிட்டு வந்தாள். "சட்டம் சரி, நாடு வேறு" என்று திருத்தியவர் எழுதியிருந்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதன்பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது தடவையும் தவறினால் சட்டப் படிப்பையே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"இந்தத் தடவ சரியான புத்தகம் வாங்கிட்டா போதும் மரியாக்கா" என்றாள்.

சிபாரிசு செய்த புத்தகங்கள் இரண்டு. ஒன்று தடிப்பு, மற்றது மெலிவு. இரண்டும் நியூசிலாந்துப் புத்தகங்கள்தான், அதை நானே அட்டையைப் பார்த்து உறுதி செய்தேன். வாங்குவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பினாள். சோபா விற்கிற புத்தி அது. உட்கார்ந்து பார்க்காமல் எதையும் வாங்க மாட்டாள். லீவு நாளெல்லாம் பஸ்ஸும் ரயிலும் மாறிப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போவாள். இரண்டு மணி நேரத்துக்குத் தடிப்பு, அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு மெலிவு. ஒரே விஷயத்தை இரண்டிலும் படித்து, எது தெளிவாகச் சொல்கிறது என்று நோட்டில் மதிப்பெண் போடுவாள். ஏன் அந்த மதிப்பெண் என்று இரண்டு பக்கம் விளக்கமும் எழுதுவாள். இப்படியே மூன்று மாதம் போயிற்று. வாங்கு, வாங்கு என்று கத்தி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கையில் வீட்டுக்கு வரச் சொன்னாள். கண் வீங்கியிருந்தது.

"பதினொண்ணு பதினொண்ணுக்கா. ரெண்டு புத்தகமும் சமமா நிக்குது. பூ கட்டிப் பாத்துடலாம்னு இருக்கேன்."

பொட்டலத்தில் பூவை மடித்துச் சாமி முன் போட்டு, குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்களே, அது. நான் மன்னார் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். இருந்தாலும் அன்றைக்கு முருகன் படத்துக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். தடிப்புக்குச் சிவப்பு ரோஜா, மெலிவுக்கு வெள்ளைச் செவ்வந்தி. அபிதா போனிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு.

"சரி, முடிஞ்சுது. போய் வாங்கு" என்றேன்.

"இது செல்லாதுக்கா" என்றாள் பூங்கோதை.

"என்ன?"

"அபிதா சின்னப் பொண்ணுங்கிறது பிரச்சினை இல்ல, மைனர் ஏஜென்டா இருக்கலாம். ஆனா முருகன் சம்மதம்னு எங்க சொன்னாரு? பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்க முடியாது. அப்படியே சொன்னாருன்னு வச்சாலும், இது குடும்ப விஷயம். சட்டப்படி கட்டுப்படணுங்கிற எண்ணமே ரெண்டு பக்கமும் கெடையாது."

"மம், ஜஸ்ட் பை இட்" என்றாள் அபிதா.

பூங்கோதை நிறுத்தவில்லை. முருகன் பக்கத்து வாதத்தையும் அவளே பேசினாள். அதற்கு மறுப்பும் சொன்னாள். எந்த வழக்கில் எந்த நீதிபதி என்ன சொன்னார், அதைத் தடிப்பு எப்படிச் சொல்கிறது, மெலிவு எங்கே சொதப்புகிறது என்று முக்கால் மணி நேரம். கையில் ஒரு தாள் இல்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நோட்டைப் பிடுங்கி விரித்து, கண்ட இடத்தில் விரல் வைத்துக் கேள்வி கேட்டேன். பன்னிரண்டு கேள்வி. பன்னிரண்டுக்கும் பதில் வந்தது.

"உனக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம் பிள்ளை. இரண்டையும் கரைச்சுக் குடிச்சிட்டு நிண்டு புலம்புறாய்!"

"நான் எங்கக்கா படிச்சேன்? இன்னும் புத்தகமே வாங்கலையே" என்று ஓவென்று அழுதாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். பாவமாக இருந்தது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அழுதுகொண்டேதான் பரீட்சைக்கும் போனாள். நாலு வாரம் கழித்து, நான் ஒரு கிழவருக்குச் சாய்வு நாற்காலியைச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வீட்டிலிருந்து அவள்தான்.

"பி ப்ளஸ் போட்டிருக்காங்கக்கா."

கிழவரை அப்படியே படுக்கவிட்டு நான் வெளியே ஓடினேன்.

"அக்கா, புத்தகமே வாங்கல. இது செல்லுமா?"

"ஓம் பிள்ளை" என்றேன். "செல்லும்."