மேலே மலை இல்லாத தண்ணீர்

கதிர்காமத்துக்குப் போகும்போதெல்லாம் அம்பாந்தோட்டைப் பக்கம் பஸ் ஜன்னலில் கொஞ்ச நேரம் கடல் தெரியும். என் மனைவி கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். "ஒரு தடவ அதுல எறங்கி முங்கிக் குளிக்கணுங்க" என்பாள். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடங்களாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் அவள் கேட்ட விதம் வேறு. "மலையில ஏறிக் கொழுந்து பறிச்சி முட்டி ரெண்டும் போச்சி. இப்ப போகாட்டி அப்புறம் நீங்க தூக்கிட்டுதான் போகணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். கொடகவெலயிலிருந்து எம்பிலிபிட்டிய, அங்கிருந்து இன்னொரு பஸ். தங்காலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, தென்னந்தோப்புக்குள் நடந்தோம். வழியில் மாடுகள் மேய்ந்தன. தாழம்புதரைத் தாண்டியதும் சின்னக் குடா. இரண்டு பக்கமும் பாறைகள் நீண்டு, அலையை வெளியிலேயே நிறுத்தியிருந்தன. உள்ளே தண்ணீர் மெல்ல அசைந்தது. மணல் வறுத்த ரவை நிறம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் எல்லோரும் அண்ணாந்து மலையைப் பார்ப்போம். கீழே வெயிலடித்தாலும், மேலே கறுத்திருந்தால் யாரும் இறங்கமாட்டோம். மேலே பெய்த மழை நொடியில் கீழே வந்துவிடும். மலை வெளுப்பாக இருந்தால் பயமில்லை. துணிமணியைத் தண்ணீர் ஓரத்துக் கல்லிலேயே வைக்கலாம். அந்தப் பழக்கத்தில் கடற்கரையிலும் அண்ணாந்து பார்த்தேன். ஒரு மேகம் இல்லை.

"மேல மழ இல்ல. பயமில்லாம எறங்கு" என்று சொல்லி, மாற்றுத்துணிப் பையைத் தண்ணீருக்கு நாலு அடி தள்ளி வைத்தேன். செருப்புகளைப் பக்கத்தில் விட்டேன்.

அவள் கட்டி வந்த சேலையைப் பைக்குள் திணித்துவிட்டு, பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நின்றாள். அதற்கு மேல் நகரவில்லை.

"நீங்களும் வாங்க."

மரத்தடியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் படுத்திருந்தார்கள். ஒரு மீன்காரர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தெரியாதவர்கள் முன்னால் நான் சட்டையைக் கழற்றியதே இல்லை.

"நீ போ. நான் சாமானப் பாத்துக்கிறேன்."

"ஆமா, தங்கம் வச்சிருக்கோம் பாருங்க, பையில!" என்றாள். நான் அசையாததைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "தனியா முங்க பயமா இருக்குங்க. சரி, பாத்தாச்சில்ல. போவோம்."

அவள் கோபப்பட்டிருந்தால் நான் அப்படியே நின்றிருப்பேன். கரைக்குத் திரும்பி ஒரு அடி வைத்துவிட்டாள். நான் சட்டையைக் கழற்றிப் பையின்மேல் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் தண்ணீருக்குள் போனேன்.

கையைப் பிடித்துக்கொண்டு மார்பளவு போனோம். மூன்று தரம் முங்கினாள். உப்பைத் துப்பினாள், சிரித்தாள். "ஏங்க, முட்டி இருக்கிறதே தெரியலைங்க!" என்றாள். தண்ணீர் அவளைத் தூக்கித் தூக்கி வைத்தது.

அப்போது மீன்காரர் எழுந்து, "அய்யே! பேக் எக!" என்று சிங்களத்தில் கத்தினார். அண்ணே, பை என்கிறார். திரும்பிப் பார்த்தால் எங்கள் பை மிதந்துகொண்டிருந்தது. என் சட்டை அதற்கு முன்னாலேயே புறப்பட்டுவிட்டது. அவர் ஓடிவந்து இரண்டையும் பிடித்தார். என் செருப்பில் ஒன்று அகப்படவேயில்லை.

கடல் ஏறும் நேரத்தில் பையை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். மேலே மழை இல்லை, அதனால் தண்ணீர் ஏறாது என்று நினைத்தேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "கடலுக்கு மேல்பக்கம் எது அய்யே?" என்று கேட்டுவிட்டு, மணலில் உட்கார்ந்து சிரித்தார். என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். எனக்குக் காது சுட்டது.

ஆனால் பையிலிருந்த அவளுடைய இரண்டு சேலையும் சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. ஈரத்தோடு அவ்வளவு தூரம் எப்படி பஸ்ஸில் உட்காருவாள்? அவள் ஆசைப்பட்ட நாளை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மீன்காரரின் வீடு தாழம்புதருக்குப் பின்னால்தான் இருந்தது. எங்களை அங்கே கூட்டிப்போனார். அவருடைய மனைவி விஷயத்தைக் கேட்டுத் தானும் ஒரு பாட்டம் சிரித்துவிட்டு, கிணற்றைக் காட்டினார். நல்ல தண்ணீரில் சேலைகளையும் சட்டையையும் அலசிக் கொடியில் போட்டோம். காய ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார். போகும்போது குளிக்க இன்னும் இரண்டு வாளி இறைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

என் மனைவி கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அதுவரைக்கும் சும்மா உக்காந்து என்னங்க செய்ய?"

சொல்லிக்கொண்டே கடல் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. நானும் தயங்கவில்லை, கழற்றுவதற்குச் சட்டை இருந்தால்தானே. ஒற்றைச் செருப்பைக் கொடிக்குக் கீழே, தண்ணீருக்கு ரொம்ப தூரத்தில், பத்திரமாக வைத்துவிட்டு அவள் பின்னால் போனேன்.