டர்போ வண்டியும் பெரிய பம்பும்

தொடர்ந்து சில வருஷம் மிளகாய் கருகிப்போன பிறகு, என் வீட்டுக்காரர் முதுகுளத்தூர்ப் பக்கம் எங்களுக்கு இருந்த நிலத்தில் பாதியை விற்று ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார். டர்போ வைத்த டீசல் வண்டி. எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் சொன்னேன்.

"மிளகா வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிது. வண்டி டீசலத்தான் பாத்துக்கிட்டு நிக்கும். டீசல் பங்க்ல கெடைக்கிது, புள்ள" என்றார்.

நான் வண்டிக்குச் சந்தனம் வைத்தேன்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. பாம்பனில் ஒரு நண்டு வியாபாரி எங்கள் வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டார். காலையில் கரைக்கு வரும் நண்டை ஐஸ் போட்டுப் பெட்டிகளில் அடுக்கி, தூத்துக்குடியில் ஒரு கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சாயங்காலம் கம்பெனி கேட் மூடிவிடும். மூடிய பிறகு போனால் மறுநாள் சரக்கு, மறுநாள் விலை. நானும் கூடவே போவேன். பாம்பனில் கருவாடு வாங்கி வந்து முதுகுளத்தூர்ச் சந்தையில் விற்பது என் வேலை.

வண்டி தரையில் ஒழுங்காகத்தான் ஓடும். பாம்பன் பாலம் ஏறும்போதுதான் வினை. பாலம் நடுவில் உயர்ந்து போகும். எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால், ஐஸ் பாரத்தோடு வண்டி மூச்சு வாங்கும். கியரைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் நடந்து போகிறவர்கள் எங்களை எட்டிப் பார்ப்பார்கள். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். அவர் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். காது மட்டும் சிவக்கும்.

அடுத்தடுத்துக் கேட் மூடிய பிறகு போய் நின்றதும், வியாபாரி அவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. சரக்கு உசுரு மாதிரி, காத்துக்கிட்டு இருக்காது. கீழக்கரையில ஒருத்தர் புது வண்டி போட்டுருக்கார். வேகமா போகும்ங்கிறாக. நீங்களும் யோசிங்க."

அன்றைக்குத் திரும்பும்போது உச்சிப்புளி தாண்டி வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "டீசல் பம்ப மாத்தப் போறேன்" என்றார்.

ராமநாதபுரத்தில் டீசல் பம்ப் மட்டும் பார்க்கிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். எங்கள் பம்பைக் கழற்றி மேசையில் வைத்து, எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். டர்போ இஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுகிறது, பம்ப் டீசலைத் தள்ளுகிறது, இரண்டும் அளவாகச் சேர்ந்தால்தான் இழுவை.

"இந்தப் பம்பு சின்னது அண்ணே. பெரிய வேனோட பம்பு ஒண்ணு என்கிட்ட கெடக்கு. அத மாட்டித் தாரேன். பின்னாடி இந்த ஸ்க்ரூ இருக்கு பாருங்க, இத உள்ள திருகினா டீசல் கூட எறங்கும். வண்டி பறக்கும்."

"இஞ்சின் தாங்குமா?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "மேட்டுல மட்டும் மிதிக்கணும். டர்போ பழசு, அது தள்ளுற காத்துக்கு ஒரு அளவு இருக்கு. காத்துக்கு மேல டீசல் போனா எரியாது. கரும்புகையா வரும், உள்ள சூடு ஏறும். பாத்துப் பதனமா ஓட்டுனா ஒண்ணும் ஆகாது."

மேட்டில் மட்டும் மிதிக்க வேண்டும் என்றால் எங்களுக்குப் பெரிய பம்பே தேவைப்பட்டிருக்காது. தூத்துக்குடி வரைக்கும் மிதித்தால்தான் கேட் திறந்திருக்கும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் பெரிய பம்பை மாட்டச் சொன்னார்.

புதுப் பம்போடு முதல்முறை பாலம் ஏறியதை எப்படிச் சொல்ல? சீட் என் முதுகைப் பிடித்துத் தள்ளியது. கியரைக் குறைக்காமலே மேலே போய்விட்டோம். இரண்டு பக்கமும் கடல் தகதகவென்று கிடந்தது. அவர் சிரித்தார். மிளகாய் கருக ஆரம்பித்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "பாத்தியா புள்ள, பாத்தியா!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தபோது, பின்னால் வந்த ஆட்டோவைக் காணவில்லை. எங்கள் புகைக்குள் இருந்தது.

கொஞ்ச காலம் நன்றாகப் போனது. கேட் மூடுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். வியாபாரி, கீழக்கரை வண்டியைப் பற்றிப் பேசுவதை விட்டார். ஆனால் இவருக்குத்தான் போதவில்லை. கடைக்காரர் ஸ்க்ரூவைக் காட்டியதுதான் வினையாகப் போயிற்று. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். வண்டி கொஞ்சம் இழுவை குறைந்த மாதிரி பட்டால் இறங்கிப் பானெட்டைத் தூக்குவார். கொஞ்சம் உள்ளே. புகைக்காகப் போலீஸ் நிறுத்தினால், கொஞ்சம் வெளியே. அவர்கள் கண்ணை விட்டு மறைந்ததும் மறுபடியும் உள்ளே. சோறு தின்னும்போதும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் திருகிக்கொண்டே இருக்கும்.

"மச்சான், ரேடியேட்டர் டப்பாவுல தண்ணி ஊத்தி ஊத்தி மாளல. சூடு காட்டுற முள்ளு மேலயே நிக்கிது. பழைய பம்பையே மாட்டிருவமே" என்றேன்.

"மாட்டிட்டு? மாட்டு வண்டி மாதிரி பாலம் ஏறுறதா? அந்தாளு சரக்குக் குடுப்பானா? நீ குடுப்பியா?"

அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. அதுதான் கொடுமை. பழைய பம்ப் என்றால் சரக்கு போகும், பெரிய பம்ப் என்றால் இஞ்சின் போகும். எந்தப் பக்கம் போனாலும் எங்களுக்கு வழி இல்லை என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவருக்குப் புரிந்திருந்ததா என்று தெரியாது. புரிந்ததால்தான் அப்படித் திருகினாரோ என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் நண்டோடு போய்க்கொண்டிருந்தோம். கீழக்கரை தாண்டி, சாயல்குடிக்கு முன்னால், இரண்டு பக்கமும் உடைமரக் காடு. நல்ல வெயில். இஞ்சினிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம், பிறகு யாரோ உள்ளேயிருந்து சுத்தியலால் அடித்தது போல ஓர் அடி. முன்னால் முழுக்க வெள்ளைப் புகை. வண்டி தானாக உருண்டுபோய் ஓரத்தில் நின்றது.

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். போனில் சிக்னல் இல்லை. நான்தான் இறங்கி, சிக்னல் கிடைக்கிற இடம் வரைக்கும் நடந்து வியாபாரியைக் கூப்பிட்டேன். திரும்பி வந்தபோது பெட்டிகளின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி, மணலில் சின்ன ஓடையாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் பெட்டிகளின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

வியாபாரி வேறு வண்டியோடு வந்து சேர்ந்தபோது பாதிச் சரக்கு நாறத் தொடங்கியிருந்தது. தேறியதை மட்டும் மாற்றி ஏற்றிக்கொண்டார். திட்டவில்லை. "பாவந்தான். நான் என்னத்தச் செய்ய?" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மிச்சத்தை நாங்கள் இரண்டு பேரும் காட்டுக்குள் கொட்டினோம்.

ராமநாதபுரத்தில் இஞ்சினைப் பிரித்தபோது பிஸ்டன் ஒன்றில் ஓட்டை விழுந்திருந்தது. அலுமினியம் மெழுகு மாதிரி உருகி வழிந்திருந்தது. டர்போவின் விசிறி இறக்கைகள் எலி கொறித்தது போலிருந்தன. பம்ப் கடைக்காரரும் வந்து பார்த்தார். ஓட்டை விழுந்த பிஸ்டனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

மிச்ச நிலத்தையும் விற்று இஞ்சினைச் சரிசெய்து, பழைய பம்பையே மாட்டினோம். வண்டி ஓடியது, ஆனால் முதலில் இருந்த இழுவைகூட இல்லை. வியாபாரி வேறு வண்டிக்கு மாறிவிட்டார். ஐஸ் மட்டும் ஏற்றிப் பார்த்தார் இவர். தண்ணீர் ஏற்றிப் பார்த்தார். எது ஏற்றினாலும் வழியில் நிறுத்தி, சின்னப் பம்பின் ஸ்க்ரூவைத் திருகுவார். ஒருநாள் அந்த ஸ்க்ரூவின் மரையும் தேய்ந்து, டீசல் நிற்காமல் ஒழுக ஆரம்பித்தது. அதோடு வண்டி வீட்டு வாசலில் நின்றுவிட்டது. கடைசியில் பழைய இரும்புக்காரர்கள் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

அதன் பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவார்.

"சாப்பிட்டீகளா?" என்பேன்.

"ம்."

"ஊருக்கு எப்ப வாரீக?"

"அங்கன வந்து என்ன பண்ண?"

அந்த வாரம் சந்தையில் கருவாடு என்ன விலைக்குப் போனது என்று சொல்வேன். அவர் பக்கம் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்கும். பிறகு, "வச்சிருறேன்" என்பார்.