செஞ்சி மலைக்குச் சுற்று வழி

செஞ்சி மலையடிவாரத்தில் நிற்கிறோம். உச்சிக் கோட்டை பனிமூட்டத்தில் தரையைத் தொடாமல் மிதக்கிறது. என் மனைவியின் அண்ணனுக்கு எங்கள் காதல் கல்யாணம் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. மனைவி கெஞ்சியதால்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து வந்தோம். கடலூரிலிருந்து அவர் பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்து வந்தும் ஒரு வார்த்தைகூட இல்லை.

படிகளில் ஒரே கூட்டம். சீதாப்பழம் விற்கும் அம்மாவிடம் வேறு வழி உண்டா என்று கேட்கிறேன்.

"மதிலோரமா ஒத்தையடிப் பாதை போவுது. பாதி மலையில படியோட சேந்துக்கும். சுத்து ஜாஸ்திதான். ரெண்டு பேரும் பேசிக்கினே போனா தெரியாது."

நான் தயங்குகிறேன். மனைவியின் அண்ணன் இரண்டு பழம் வாங்கி, ஒன்றை என் கையில் வைக்கிறார்.

"சுத்தியே போவலாம், மச்சான்."

பனிக்குள் அவர் முதுகு மங்குகிறது.

"இருங்க மச்சான், வந்துட்டேன்!" என்று ஓடுகிறேன்.